ரயில் படத்தில் ஆடாமல் இருந்தவர்கள்

எங்கள் அப்பா வீட்டில் ‘ரயில் படம்' என்று ஒன்று உண்டு. ஒரம்பரை, விருந்து என்று யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் அது வந்துவிடும். அந்தப் படத்தில் ரயிலைத் தவிர மற்றதெல்லாம் தெரியும். ரயில் என்று பார்த்தால் ஒரு ஜன்னல், அந்த ஜன்னலில் யாரோ ஒருவருடைய முழங்கை, கீழே பாதிச் சக்கரம், அவ்வளவுதான். மீதியை எங்கள் சொந்தபந்தம் மறைத்துக்கொண்டு நிற்கிறது.

என் பெரிய அண்ணன் பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று எடுத்த படம் அது. ஐம்பதுகளின் கடைசி, ஒரு புரட்டாசி மாதம். நான் பாவாடை கட்டிய சின்னப் பெண். அவிநாசிப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு குடும்பமே திருப்பூர் ஸ்டேஷனுக்குப் போனது. அண்ணனை அனுப்பப் போனார்களா, ரயிலைப் பார்க்கப் போனார்களா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். அப்பா ஒரு ஸ்டுடியோக்காரரையும் பிளாட்பாரத்துக்கு வரச் சொல்லியிருந்தார். அவர் முக்காலியில் பெட்டியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, “ஆடாதீங்க, யாரும் ஆடாதீங்க” என்று உள்ளேயிருந்து கத்தினார். ஆடாமல் நிற்க நாங்கள் என்ன கோயில் தூணா? எஞ்சின் ஊதியது. பெரியம்மா காதைப் பொத்தினாள். அம்மா அழுதாள். அண்ணன் “வண்டி கெளம்பீருமுங்கப்பா” என்று மாலையோடு திரும்பினான். நான் வாயைப் பிளந்துகொண்டு எஞ்சின் பக்கம் பார்த்தேன்.

படம் கழுவி வந்தது. அண்ணனுக்கு இரண்டு மூக்கு. பெரியம்மாவுக்கு முகமே இல்லை, வெறும் புகை. எனக்கு வாய் மட்டும் இருக்கிறது. கண்ணாடி மாதிரித் தெளிவாக விழுந்திருந்தது ஒரே ஒரு ஆள். அவர் எங்களுக்கு எந்த வழியிலும் உறவில்லை. படத்தின் ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த சாக்கு மூட்டைகளில் சாய்ந்து, வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“எவனோ ஒரு தூங்குமூஞ்சிக்கு நான் செலவு பண்ணிப் படம் எடுத்துக் குடுத்திருக்கறேன்” என்று அப்பா குதித்த குதி கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் வந்தவர்களுக்குக் காட்டாமல் இருக்க மாட்டார். காட்டுவார், பார்த்தவர்கள் சிரிப்பார்கள், இவர் மறுபடியும் குதிப்பார். எங்கள் வீட்டில் யாராவது பகலில் கண் அசந்தால், “ரயில் படத்துக்காரன் வந்துட்டாண்டோய்” என்போம்.

அறுபதுகளின் நடுவில் எனக்குத் திருப்பூரிலேயே மாப்பிள்ளை அமைந்தது. பெட்டி கட்டும்போது அப்பா அந்த ஆல்பத்தை என் சேலைகளுக்கு நடுவே வைத்துவிட்டார். “இங்க இருந்தா எனக்குக் கோவம்தான் வருது, நீ கொண்டுபோயிரு கண்ணு” என்றார்.

நான் வாழப்போன வீடு பனியன் கம்பெனிக்காரர் வீடு. போன அன்றைக்கே என் கண்ணில் பட்டது, வாசலுக்கு நடுவே குறுக்காக ஓடிய சுவர். மார்பளவு உயரம். அந்தப் பக்கம் மாமனாருடைய தம்பி குடும்பம். அண்ணனும் தம்பியும் ஒன்றாகக் கம்பெனி நடத்தி, சண்டை போட்டு, மெஷின்களைப் பிரித்துக்கொண்டு, வீட்டையும் பிரித்தார்களாம். கொத்தனார் மார்பளவு கட்டியதும், “இதுக்கு மேல ஒசத்துனா எனக்குப் பாவமுங்க” என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டாராம். நல்ல மனுஷன்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், என் மாமியாரும் அந்தத் தம்பியின் மனைவியான சின்ன மாமியாரும் கூடப்பிறந்த அக்கா தங்கை. ஒரே வீட்டிலிருந்து ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். “அந்த ஊட்டு வாசப்படிய மிதிச்சீன்னா இந்த ஊட்டு வாசப்படிய மிதிக்காத” என்று மாமனார் சொல்லிவிட்டார். ஆம்பளைகள் கம்பெனிக்குப் போன பிறகு, இரண்டு பேரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ரகசியமாகப் பேசிக்கொள்வார்கள். சட்டியில் குழம்பு மாறும். ஆனால் ஒருத்தர் வீட்டுக்குள் ஒருத்தர் காலெடுத்து வைத்ததில்லை.

சண்டை எதனால்? ஒரு ரயிலால். நான் வாழப்போவதற்கு ஆறேழு வருஷம் முன்னால், கல்கத்தாவில் துர்கா பூஜைக்குள் போய்ச் சேர வேண்டிய பனியன் மூட்டைகள். பார்சல் ஆபீஸில் எடை போட்டுச் சீட்டு வாங்கினால்தான் ரயிலில் ஏறும். அண்ணனும் தம்பியும் மூட்டைகளோடு ஸ்டேஷனில் காத்திருந்தார்கள். ரயில் வந்தது, போனது, மூட்டை பிளாட்பாரத்திலேயே இருந்தது. சரக்கு போய்ச் சேர்ந்தபோது கல்கத்தாவில் பூஜை முடிந்துவிட்டது. “நீ தூங்கிட்ட” என்று அண்ணன். “தூங்குனது நீங்கதானுங்க” என்று தம்பி. நான் பொட்டு நேரம்கூடக் கண்ணை மூடவில்லை என்று இரண்டு பேரும் முருகன்மேல் சத்தியம் செய்தார்கள். முருகன் பாவம், யாரை நம்புவார்?

நான் வாழப்போன வருஷம் சின்ன மாமியாருடைய மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் என்று நிச்சயமானது. என் மாமியாருக்குப் பெண் குழந்தை இல்லை. சுவர் எழும்பும் வரைக்கும் அந்தப் பெண்ணைக் குளிப்பாட்டித் தலை பின்னிவிட்டது அவர்தான். “அண்ணன் தப்பை ஒத்துக்கட்டும், தாம்பூலம் வெச்சுக் கூப்புடறேன்” என்றார் தம்பி. “அவன் ஒத்துக்கட்டும், நான் போறேன்” என்றார் அண்ணன். தை நெருங்க நெருங்க என் மாமியாருக்குச் சோறு இறங்கவில்லை. “எம் புள்ளைக்கு நாந்தான் பூ வெச்சு உடோணும் கண்ணு” என்று அரிசி புடைக்கும்போதெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சுவார். எனக்குப் பார்க்கச் சகிக்காது.

ஒரு மத்தியானம் அத்தையை, அதாவது என் மாமியாரை, சிரிக்க வைக்கலாம் என்றுதான் ஆல்பத்தை எடுத்தேன். அதில் ரயில் படங்கள் மூன்று இருந்தன. முதலில், என் அண்ணன் லீவில் வந்தபோது ரயில் பெட்டி வாசலில் தொங்கிக்கொண்டு எடுத்துக்கொண்டது. “கம்பிய நல்லாப் புடிச்சுக்கச் சொல்லு” என்று அத்தை படத்தைப் பார்த்துப் பதறினார். அடுத்தது, உடுமலைப்பேட்டை ஸ்டேஷனில் பழனி ரயிலுக்குக் காவடியோடு நின்ற என் அம்மா வழிச் சொந்தங்கள். அத்தை எஞ்சினைப் பார்க்கவேயில்லை. யார் கழுத்தில் என்ன கிடக்கிறது, சேலைக் கரை எத்தனை அகலம் என்று ஆராய்ச்சி நடந்தது. பிறகு ரயில் படத்தைக் காட்டினேன்.

“ரயிலு எங்க கண்ணு?” என்றார்.

“அதைக் கேக்காதீங்கத்தை. ஓரத்துல பாருங்க. ஸ்டுடியோக்காரர் ஆடாதீங்கன்னு சொன்னதைக் கேட்டு ஆடாம இருந்தது இந்தத் தூங்குமூஞ்சி ஒருத்தருதான். எங்கப்பா இன்னும் இவரைத் திட்டீட்டிருக்காரு.”

அத்தை சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சிரிப்பு பாதியில் நின்றது.

“கண்ணு, இந்த மூட்டைல கோழி இருக்குது பாரு.”

பார்த்தேன். சாக்கின்மேல் கறுப்பு மையில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு கோழி. அது எங்கள் கம்பெனி மார்க். உள்ளபடிக்கு அது மயில். முருகனுக்காக மாமனாரே தகரத்தில் வெட்டிய அச்சு. தோகையை வெட்டும்போது தகரம் கிழிந்துபோனதால் மயில் கோழியாகிவிட்டது. திருப்பூர் முழுக்க அதைக் கோழி மார்க் என்றுதான் சொல்வார்கள், மாமனார் முன்னால் தவிர.

அத்தை என் அண்ணன் புறப்பட்ட மாதத்தைக் கேட்டுக்கொண்டார்; மூட்டை ரயிலைத் தவறவிட்ட அதே புரட்டாசி. “இது உங்க மாமா” என்றார். “இந்த வாயத்தான கண்ணாலம் ஆனதுலருந்து பாத்துட்டு வாறேன்.”

அட கெரகமே! இத்தனை வருஷமாகக் குடும்பத்தோடு உட்கார்ந்து நாங்கள் சிரித்தது என் மாமனாரைப் பார்த்தா? எனக்கு ஆல்பத்தோடு கிணற்றில் குதித்துவிடலாம் போல இருந்தது. அத்தைக்கு என் கவலை இல்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் ஓடியது எனக்குத் தெரிந்தது. படத்தை வெளியே காட்டினால் கட்டினவர் மானம் போகும். காட்டாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு வேறு யாரோ பூ வைத்துவிடுவார்கள்.

“போனாப் போகுது மானம்” என்று எழுந்தார். “தூங்குனவரு தூங்குனேன்னு சொல்லட்டும்.” சுவரோரம் போய், முதல் தடவையாக ரகசியமில்லாமல், தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். “ஏ புள்ளே! இங்க வா!”

சின்ன மாமியார் கையில் கரண்டியோடு ஓடிவந்தார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார் போல. அக்கா படத்தை நீட்டி, “பாரு, உங்க மாமாதான் தூங்கியிருக்கறாரு. உன்ற ஊட்டுக்காரரு சொன்னதுதான் நெசம்” என்றார். சொல்லும்போது குரல் கம்மிவிட்டது.

நியாயமாக அவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. “உடுங்கக்கா, அழுவாதீங்க” என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுப் படத்தையே உற்றுப் பார்த்தார். மாமனாருக்குப் பக்கத்தில், அவர் தோளோடு ஒட்டி, துணி போர்த்திய ஒரு சின்ன மூட்டை இருந்தது. நாங்களும் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம்.

“ஏனுங்கக்கா,” என்றார் மெதுவாக, “மூட்டைக்கு எதுக்குங்க குடை?”

மூன்று தலையும் படத்தின்மேல் முட்டிக்கொண்டன. மூட்டையின் நடுவில் ஒரு கை. கையில் மாட்டிய குடை. சின்ன மாமனார் துண்டை முகத்தில் போர்த்தாமல் தூங்கவே மாட்டார், மழையோ வெயிலோ குடையில்லாமல் தெருவில் இறங்கவும் மாட்டார். துண்டுக்குள் இருந்த தலை அண்ணன் தோளில் சாய்ந்திருந்தது. அக்காவும் தங்கையும் சிரித்த சிரிப்பில் சுவர் இடிந்துவிடும் என்று பயந்தேன்.

சாயங்காலம் ஆம்பளைகள் வந்ததும் அக்காவும் தங்கையும் அவர்களை ஆளுக்கொரு பக்கம் சுவரோரம் நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் சைக்கிளைத் துடைக்கிற சாக்கில் தள்ளியே நின்றுகொண்டார். அத்தை படத்தை மாமனார் கையில் கொடுத்தார்.

“இதென்னமோ நான்னு சொல்ற? மீசை வெச்சவனெல்லாம் நானா?” என்றார் அவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்.

“சரிங்க. அந்த மூட்டைல இருக்கற கோழி யாரு ஊட்டுக் கோழீங்க?”

“கோழியில்ல, மயிலு!” என்று பாய்ந்தார் மாமனார். பாய்ந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் தம்பிக்கு முகமெல்லாம் பல். “நான் அன்னைக்கே சொன்னனுங்களே” என்று ஆரம்பித்தார். அவர் மனைவி படத்தை வாங்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். “மூட்டைக்கு எதுக்குங்க குடை?” அவர் தன் கையில் மாட்டியிருந்த குடையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பல் உள்ளே போய்விட்டது.

மாமனார் கையை நீட்டிப் படத்தை மறுபடி வாங்கினார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“தம்பி,” என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “மொத நா ராத்திரி பூராவும் சாக்குத் தெச்சது நாம ரெண்டு பேருந்தானடா.”

“ஆமாங்கண்ணா. நீங்க செத்த கண்ணசருங்க, நான் பாத்துக்கறேன்னு சொன்னனுங்க.”

“அட, அத நாந்தான உங்கிட்டச் சொன்னேன். நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்னு.”

“ரெண்டு பேருமே சொல்லியிருப்போமுங்க” என்றார் தம்பி.

“தலைய என்ற தோள்ல வெச்சிருக்கற, பாரு” என்று மாமனார் படத்தைக் காட்டினார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா? அப்பா அன்றைக்கு அழித்த காசுக்கு இது ஒன்றே போதும் என்று நினைத்தேன்.

தம்பி விறுவிறுவென்று உள்ளே போனார். தட்டில் வெற்றிலை பாக்கும் கல்யாணப் பத்திரிகையும் வைத்து எடுத்துவந்து, சுவருக்கு மேலே நீட்டினார். “பெரியவுங்க வந்து முன்னால நின்னு நடத்திக் குடுக்கோணுமுங்க.” மாமனார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“கண்ணு,” என்றார் அத்தை என்னிடம், “அந்த ஸ்டூல இங்க கொண்டா.”

கொண்டுவந்து போட்டேன். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. அத்தை கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். எக்கி நின்று சுவரில் ஒரு காலைத் தூக்கிப் போட்டார். மாமனார் பதறிப்போனார். “அடியே, என்ன பண்ற? தெரு வழியாப் போ. நாந்தான் போகச் சொல்றனே.”

அத்தை சுவரின்மேல் உட்கார்ந்தபடி திரும்பிப் பார்த்தார். “வாசப்படியத்தான மிதிக்கக் கூடாதுன்னீங்க? நான் மிதிக்கல.”

தங்கை இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டார். அத்தை சேலையைக்கூடச் சரி செய்துகொள்ளவில்லை. நேராக அந்த வீட்டு அடுப்படிக்குள் போனார்.

“பருப்பு அடி புடிக்குது, தள்ளு புள்ளே” என்ற சத்தம் எங்கள் பக்கம் கேட்டது.