தீபாவளி லேகியம் எந்த வகுப்பு

வர்த்தகச் சின்னம் பதிவு செய்து தருவது என் பிழைப்பு. மயிலாப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அலுவலகம். என்னிடம் வருகிறவர்களுக்குத் தங்கள் சரக்கின் பெயர்மேல் அபாரப் பாசம். சரக்கு என்ன என்று கேட்டால்தான் முழிப்பார்கள். விற்கிற பொருள், செய்கிற சேவை எல்லாவற்றையும் நாற்பத்தைந்து வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம்முடையது எந்த வகுப்பு, அதில் என்ன பொருள் என்று விண்ணப்பத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாண்டி பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர், "எல்லா கிளாஸையும் போட்டுடு சார். நாளைக்கே ராக்கெட் வுட்டாலும் வுடுவேன்" என்றார். அவரைச் சட்டை வேட்டிக்கு இறக்கிக் கொண்டுவருவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

என்னிடம் வந்த ஒரு மாமி அப்படியில்லை. கச்சேரி சாலைப் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தார். விற்றது ஒரே பொருள், தீபாவளி லேகியம். சுக்கு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய் போட்டுக் கிளறி, சின்ன டப்பாக்களில் ஒரு பெயர் ஒட்டி விற்றார். அந்தப் பெயருக்கான விண்ணப்பத்தை மாமியின் பேரில் அவர் கணவரே கணினியில் நிரப்பி அனுப்பியிருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; என்னைப் போன்ற ஆசாமிகளுக்குத் தண்டம் அழுவானேன் என்று நினைத்திருப்பார். மருந்துகளுக்கான ஐந்தாம் வகுப்பைத் தேர்ந்து, 'வயிற்றுக் கோளாறுகளைத் தீர்க்கும் மருந்து' என்று எழுதிவிட்டார். சில மாதங்களில் காலமானார். அதற்கப்புறம்தான் பதிவகத்திலிருந்து கேள்வி வந்தது. இது மருந்தா, உணவா? மருந்து என்றால் தயாரிக்க உரிமம் எங்கே?

மாமி அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். இதற்குள் தி. நகர் இனிப்புக் கடை ஒன்று ஏறக்குறைய அதே பெயரில் லேகியம் போட்டு, உணவுப் பண்டங்களுக்கான முப்பதாம் வகுப்பில் மனுவும் செய்துவிட்டது. நிலைமையை விளக்கினேன். வீட்டுச் சமையலறைக்கு மருந்து உரிமம் கிடைக்காது. புதிதாக விண்ணப்பித்தால் இனிப்புக் கடைக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். இருக்கிற விண்ணப்பத்தையே, அதன் பழைய தேதியோடு, முப்பதாம் வகுப்புக்கு மாற்றித் தரும்படி கேட்பதுதான் வழி. அதற்கு இதைத் தின்பண்டம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பெயர் கைவிட்டுப் போகும்.

"தீபாவளி மருந்து சாப்ட்டாச்சான்னுதானே எல்லாரும் கேக்கறா? தீபாவளி மிட்டாய் சாப்ட்டாச்சான்னா கேக்கறா?" என்றார் மாமி.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் பதிவகத்தில் அந்த நியாயம் எடுபடாது. மனுவை எழுதினேன். மாற்றம் கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். வழக்கமாக எழுதுவதுபோல், 'முதலில் தவறாகக் குறிப்பிடப்பட்டது' என்று எழுதினேன். மாமி படித்தார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"போய்ச் சேர்ந்தவரைத் தப்புன்னு நான் கையெழுத்துப் போடணுமா?"

எனக்கு எரிச்சல் வந்தது. பெயரும் வேண்டும், மருந்தும் வேண்டும், கணவரும் சரியாக இருக்க வேண்டும் என்றால் நான் என்ன செய்ய? இருந்தாலும் வாக்கியத்தை அடித்துவிட்டு, 'விவரம் போதிய தெளிவின்றி இருந்ததால்' என்று மாற்றினேன். அரை மனதோடு கையெழுத்துப் போட்டார். அந்த வருஷம் அவர்கள் வீட்டில் தீபாவளி இல்லை. ஆனாலும் ஆர்டர்களுக்குக் கிளறிக்கொண்டுதான் இருந்தார்.

விசாரணை இப்போதெல்லாம் கணினித் திரையில்தான். அதிகாரி எங்கோ ஓர் அறையில் இருப்பார், நாங்கள் என் அலுவலகத்தில். மாமி வாயைத் திறக்க வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். பேசவும் பேசினேன். வெல்லமும் நெய்யும்தான் பாதிக்கு மேல், மளிகைக் கடையில் விற்கிறது, எந்த வைத்தியரும் எழுதித் தருவதில்லை என்றேன். அதிகாரி தமிழர், பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு மாமியிடமே கேட்டார்.

"இதை யார் சாப்பிடுவாங்கம்மா? உடம்பு சரியில்லாதவங்களா?"

"எல்லாரும்தான். கொழந்தைலேர்ந்து பெரியவா வரைக்கும். விடிகாலம்பற எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு, ஒரு நெல்லிக்காய் அளவு. அப்புறம் பட்சணம். நன்னா இருக்கறவாதான் சாப்டுவா. உடம்பு படுத்தித்துன்னா டாக்டர்கிட்டன்னா போவா?"

நான் ஆயிரம் வாதம் வைத்தாலும் இவ்வளவு சுருக்கமாக வராது. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அதிகாரி குறிப்பு எழுதிக்கொண்டே, சம்பிரதாயத்துக்குக் கேட்பதுபோல் இன்னொன்று கேட்டார்.

"அப்போ வயித்துக் கோளாறைத் தீர்க்கும்னு ஏன் எழுதினீங்க? யாருக்காவது குணமாயிருக்கா?"

ஆமாம் என்றால் மறுபடியும் மருந்தாகிவிடும். இந்தக் கேள்விக்கு நான் குறுக்கே விழுந்திருக்க வேண்டும். அதற்குள் மாமி பேசிவிட்டார்.

"எழுதினது எங்காத்துக்காரர் சார். வயத்துல கட்டி அவருக்கு. ஆஸ்பத்திரில கைய விரிச்சுட்டா. சாதம் எறங்கலை, கஞ்சி எறங்கலை, இது ஒண்ணுதான் எறங்கித்து. தெனமும் கிளறிக் குடுத்தேன். இதாலதான் வலி கொறையறதுன்னு சொல்லிண்டே இருந்தார். படுத்துண்டே இதையும் எழுதி அனுப்பினார். வியாதிக்குக் கேக்கலை சார். தின்பண்டம்னே போட்டுக்கோங்கோ."

வகுப்பு மாற்றத்தை ஏற்றுக்கொள்வதாக அதிகாரி சொன்னார். மாமி திரையைப் பார்த்துக் கைகூப்பினார்.

கணினியை அணைத்தேன். மாமி எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். பெயர் இனி உங்களுடையதுதான், இனிப்புக் கடைக்காரர் கிட்டே வர முடியாது என்று அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னேன். அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"நம்பித்தான் சார் எழுதினார்" என்றார்.