ஈயம் போன பெட்ரோலும் என் அத்தானும்

கடற்கரையோரத்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் நான் இன்ஜினீயராக இருந்தேன். பெட்ரோலில் ஈயம் கூடாது என்று அரசு உத்தரவு போட்ட காலம். இன்ஜின் கடகடவென்று தட்டாமல் ஓடத் தேவையான ஆக்டேன் என்னும் தரத்தை அதுவரை துளியூண்டு ஈயக் கலவை கொடுத்துவந்தது. அது இல்லாமல் அதே ஆக்டேன் வேண்டுமென்றால், கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் நாப்தாவைக் கடும் சூட்டில் பிளாட்டினம் ஏறிய குருணைகளின் ஊடே செலுத்தி, அதன் மூலக்கூறுகளையே மாற்றியமைக்க வேண்டும். அதற்கான புது யூனிட் ஒழுங்காக ஓடும்வரை எங்களுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

லீவில் லிங்கராஜபுரத்து அக்கா வீட்டுக்கு வந்தால், அத்தான் கேட்டிலேயே பிடித்துக்கொள்வார்.

"ஈயத்தை எடுக்கிறேன்னு பெட்ரோல்ல இருந்த சத்தையே எடுத்துட்டீங்களேம்மா! ஏத்தத்துல வண்டி கடகடன்னு அடிக்குது."

"சத்து அப்படியேதான் இருக்கு அத்தான்."

"நீ ஆலைக்காரி. வேற என்ன சொல்லுவே?"

அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். பட்டுப்புடவைகளோடு அவருடைய பழைய காரில் சர்ச்சுக்குக் கிளம்பினோம். ரயில்வே பாலத்து ஏற்றத்தில் கார் கடகடத்து, திணறி, நின்றேவிட்டது. பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. இறங்கினால் ஸ்டவ் வாடை.

"டாங்க்ல என்ன ஊத்தினீங்க?"

"கொஞ்சம் கெரசின். ஈயத்தை எடுத்ததுலேர்ந்தே ஊத்தறேன். அது கனமா இருக்கும், இன்ஜினைத் தாங்கும்னு ஆட்டோக்காரர் சொன்னாரு."

நடுரோடு என்றும் பார்க்காமல் கத்தினேன். "ஆக்டேனை ஏத்த நாங்க உசிரை விடறோம், நீங்க கெரசினை ஊத்தி இறக்கறீங்களா? வண்டி தட்டறதே அதனாலதான்!"

"ஆக்டேனாம்! கண்ணுக்குத் தெரியுதா அது?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காத்துட்டிருக்காங்க. அப்புறமா சண்டை போடுங்க" என்று அக்கா எங்களை ஆட்டோவில் தள்ளினாள்.

வியர்த்து வழிந்து போய்ச் சேர்ந்தோம். தாமதத்துக்குக் காரணம் கேட்ட சம்பந்தி, அத்தான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். "எங்க ஸ்கூட்டரும் அப்படித்தாங்க. ஈயம் போச்சு, எல்லாம் போச்சு."  நான் வாயைத் திறந்திருந்தால் நிச்சயதார்த்தம் நின்றிருக்கும்.

மறுநாள் மெக்கானிக்கை வரவழைத்து, டாங்கைக் காலி செய்து, பிளக்கைச் சுத்தம் பண்ணி, வெறும் பெட்ரோல் போட வைத்தேன். கார் அதே பாலத்தில் சத்தமில்லாமல் ஏறியது. அத்தான் ஏதாவது சொல்வார் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் முன்னால் போன பஸ்ஸுக்கு ஹாரன் அடித்தார்.

சாயங்காலம் சம்பந்தியிடம் போனில் பேசினார். "இப்பதாங்க சரியான பெட்ரோல் அனுப்பறாங்க. நம்ம மச்சினிச்சி ஆலையில சொல்லிருப்பா போல."

அவருக்கு என்மேல் அவ்வளவு பெருமை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.