சவரி அண்ணன் பொறுக்கிய கைமரங்கள்

சவரி அண்ணன் சந்தாபுராவில் மகள் வீட்டில் காலமான செய்தியை அவர் மனைவி தெரேசா அக்கா போனில் சொன்னார். அதன்பின் என்னால் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் புழக்கடைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன்.

எங்கள் மர்பி டவுன் பேட்டைக்காரர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் முட்டுமரம் நிறுத்தும் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடியதும் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார்.

கோழிக்கூண்டின் கூரைக்கு வழவழவென்று இழைத்த சில்வர் ஓக் சட்டங்கள் வாங்கி வைத்திருந்தேன். அண்ணன் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"இது ஊமை மரம் சார். சொல்லாம கொள்ளாம ஒடிஞ்சிடும். நீலகிரித் தைலமரக் கம்பு வாங்குங்க. ஒடியறதுக்கு முன்னாடி அது கத்தும், உள்ள இருக்கறவன் ஓடிடலாம்."

"உள்ள இருக்கப்போறது கோழிண்ணே!"

"ஏன், கோழிக்குக் காலு இல்லியா?"

மரக்கடைக்கு அவரே வந்து, ஒவ்வொரு கம்பாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, எட்டுக் கைமரங்கள் பொறுக்கினார். முனையில் ஆணி அடிக்க விடவில்லை, பிளந்துவிடும் என்றார். சுவர்மேல் கிடத்திய கட்டையில் பள்ளம் செதுக்கி உட்காரவைத்து, கம்பியால் கட்டி, மேலே தகரம் போட்டார்.

காற்றடித்தால் கூரை முனகியது. எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். ஜன்னலோரம் விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் அந்தச் சத்தம் மண்டையைக் குடைந்தது. அவர் வேளாங்கண்ணி போயிருந்த வாரம், எல்லா முனைகளிலும் நீள ஆணி இறக்கினேன். சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது.

நாலாம் நாள் கோடைமழையில் கூரை ஒரேயடியாக இறங்கியது. பதினோரு கோழிகளும் செத்தன. ஆணி இறங்கிய இடங்களிலெல்லாம் மரம் பிளந்திருந்தது. அவர் திரும்புவதற்குள் கைமரங்கள் அத்தனையையும் வெட்டி வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன்.

வந்தவர் வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கத்தலியா சார்?"

"இல்லண்ணே."

"இத்தினி வருஷமா என் மரத்துக்குக் கீழ ஆளுங்க வேல செஞ்சாங்களே சார்..."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பாவி, நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு யார் கூரை வேலைக்குக் கூப்பிட்டாலும், "என் காது போயிடுச்சுப்பா, வேற ஆளப் பாரு" என்பார். கோழிக்கூண்டுகூட நிற்கவில்லையே என்று தெருவில் உங்களில் சிலர் கேலி பேசினீர்கள். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று சந்தாபுரா போய்த் தெரேசா அக்காவிடம் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது நான் மறைத்த இந்த உண்மை மட்டும்தான். அன்று கேலி பேசியவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: சவரி அண்ணனின் காது ஒருநாளும் தப்பவில்லை. ஆணி அடித்தவன் நான்.