பாவா எங்கிருந்தாலும் வரவும்

புதிதாக மழித்த தலையில் அரைத்த சந்தனத்தை அப்பியதும் உச்சியிலிருந்து காது மடல் வரைக்கும் ஜில்லென்று ஒன்று இறங்குமே, அதைத் திருத்தணியில் மொட்டை போட்டுக்கொண்டவர்களுக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எனக்கு அப்போது ஐந்து வயது. ஆடிக் கிருத்திகை. சரவணப் பொய்கையில் முக்கியெடுத்து, மஞ்சள் பாவாடை சட்டை மாட்டி, சந்தனம் பூசி முடித்ததும் என் ‘பாவா’ என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டான். பாவா என்றால் அத்தை மகன். ஆர்.கே.பேட்டையில் எங்களைப் போன்ற நெசவாளர் வீடுகளில் தமிழும் தெலுங்கும் ஒரே சட்டியில் வெந்தவை. அப்பா எங்களுக்கு ‘நைனா’, அத்தை மகனும் அக்காள் புருஷனும் ‘பாவா’. காவடி காட்டுகிறேன் என்று என்னைச் சுமந்துகொண்டு முன்னால் ஏறிய பாவாவுக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்த வயது. வேட்டி இடுப்பில் நிற்கப் பழகியிருக்கவில்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் அந்த வேட்டி அவிழ்ந்தது. அதை இறுக்கிக் கட்டுவதற்காக என்னை ஒரு நொடி கீழே இறக்கிவிட்டான், அவ்வளவுதான். ‘அரோகரா’ என்று மேளத்தோடு வந்த ஒரு பூக்காவடிக் கூட்டம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, ஆடி, சுழன்று, என்னையும் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அது நகர்ந்த பிறகு பார்த்தால், என்னைச் சுற்றி நின்ற கால்களில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்த கால் இல்லை. நான் எடுத்த அழுகையில் மேளக்காரரே திரும்பிப் பார்த்தாராம். ஒரு பெண் போலீஸ் என்னைத் தூக்கிக்கொண்டு போய், காணாமல்போன குழந்தைகளை உட்கார வைக்கும் ஓலைப் பந்தலில் ஒரு பெஞ்சின்மேல் நிறுத்தினார்.

அந்தப் பந்தலில் மைக் பிடித்திருந்தவர் தெற்கத்திக்காரர், எங்கள் பக்கத்துக்கு அந்த வருஷம்தான் வந்து சேர்ந்தவர். அவருடைய சங்கடத்தை இன்று நினைத்தாலும் பாவமாக இருக்கிறது. மஞ்சள் உடை, மொட்டைத் தலை, தலையில் சந்தனம் என்று அடையாளம் சொன்னால் மலையில் பாதிப் பேர் அந்த அடையாளத்தில்தான் நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஆகவே பெயர்களைக் கேட்டுப் பார்த்தார். அம்மா பேர் என்ன என்றதற்கு ‘அம்மா’ என்றேன். அப்பா பேருக்கு ‘நைனா’ என்றேன். ஊர் எது என்றார், ‘பேட்டை’ என்றேன். எந்தப் பேட்டை என்று விடாமல் கேட்டார், ‘எங்க பேட்டை’ என்று விசும்பினேன். சரி, யாரோடு வந்தாய் தாயி என்று கேட்டபோதுதான் நான், எனக்கு நன்றாகத் தெரிந்த பதில் இதுவென்ற நிம்மதியில், ‘பாவா’ என்று தெளிவாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கடைசியில் ஒரு பெயர் கிடைத்துவிட்டதே!

“பாவா என்பவர் எங்கிருந்தாலும் உடனடியாக ஒலிபெருக்கிப் பந்தலுக்கு வரவும். உங்கள் குழந்தை அழுதுகொண்டிருக்கிறது.”

எங்கள் ஜனங்கள் நிறைந்த மலையில் இப்படி ஒரு அறிவிப்பைச் செய்தால் என்ன ஆகும்! யாருக்காவது பாவாவாக இல்லாத ஆண்பிள்ளை அந்தக் கூட்டத்தில் மிகக் குறைவு. மைத்துனிகள் இடித்துத் தள்ளிச் சிலர் வந்தார்கள், தன் வீட்டுக் குழந்தையை எண்ணிப் பார்த்துவிட்டும் சந்தேகம் தீராமல் சிலர் வந்தார்கள், வேடிக்கைக்கென்றே பலர் வந்தார்கள். வாயில் பொரியை மென்றபடி வந்த ஒரு பெரியவர் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நம்முளுது இல்லையே என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். கீழே வளையல் கடை போட்டிருந்த ஒரு பாய்கூடப் படியேறி மூச்சிரைக்க வந்து நின்றார். அவர் ஒருவருக்குத்தான் உண்மையிலேயே பெயர் பாவா. பெண் போலீஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, சார் அது பேரு இல்ல, மொறை என்று விளக்கியபோது மைக் பிடித்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். என் பாவா மட்டும் வரவில்லை. அவன் அந்த நேரத்தில் பாதிப் படியில் நின்று அழுதுகொண்டிருந்தான் என்பது பிறகு தெரிந்தது.

சிரிப்பு அடங்கியதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை பேர் வந்தும் எனக்கானவர் வரவில்லையே, இனிமேல் இந்தப் பந்தல்தான் என் வீடோ என்று மறுபடி அழத் தொடங்கினேன். மைக் பிடித்தவர் என் உயரத்துக்குக் குனிந்து, வேறு வழி தோன்றாமல்தான் கேட்டிருப்பார், உங்க அம்மா எப்படி இருப்பாங்க, நீயே சொல்லு தாயி என்று மைக்கை என் வாயருகே நீட்டினார். நான் சொன்னேன்.

“எங்கம்மா தூங்கச்சொல்லோ கால ஆட்டிகினே இருக்கும். தறி மிதிக்கற மாதிரி. நான் மேல காலு போட்டா நிறுத்தும். நைனா மேல கோவம் வந்தா ஆட்ட திட்டும். பாட்டு பாடும், அத்த வந்தா நிறுத்திடும்.”

என் குரல் என்னைவிட்டுப் போய், கோபுரத்தில் மோதி, இன்னும் பெரிதாகத் திரும்பி வந்ததைக் கேட்டபோது எனக்கு அழுகை நின்றுவிட்டது. கூட்டம் சிரித்தது, பிறகு கேட்டது. ஆட்டை என்னவென்று திட்டுவாள் என்று யாரோ கேட்டார்கள். அதையும் சொன்னேன், அம்மாவின் குரலிலேயே சொன்னேன். தொலைந்துபோனவள் என்பதே மறந்துபோகிற அளவுக்கு ஒரு குதூகலம் என்னைத் தூக்கிக்கொண்டு போயிற்று. சொல்லிக்கொண்டே போனேன்: அடுப்பு எரியாவிட்டால் விறகிடம் அவள் கெஞ்சுவதை, மழை வந்தால் பாவுநூல் நனையாமல் முதலில் அதை உள்ளே எடுத்துவிட்டுத்தான் என்னை உள்ளே இழுப்பதை. இனிச் சொல்ல ஒன்றுமில்லை என்று வாயை மூடியபோது பின்னாலிருந்து இரண்டு கைகள் என்னைத் தூக்கின. முதுகில் பலமாக ஓர் அடி விழுந்தது, அப்புறம் என் தலைச் சந்தனம் முழுவதையும் தன் புடவையில் வாங்கிக்கொண்டு அம்மா என்னை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் அத்தை அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வந்தாள். நைனா ஊர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் தெருவில் வெகுநாள் வரைக்கும், ஆடு சௌக்கியமா என்றுதான் அவரை எல்லோரும் விசாரித்தார்கள்.

எழுத எப்படி வந்தீர்கள் என்று யார் கேட்டாலும் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன், கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் சொல்வேன். பேர், ஊர், முறை எல்லாம் கைவிட்ட இடத்தில், தூக்கத்தில் ஆடுகிற ஒரு கால் என் அம்மாவைக் கூட்டத்திலிருந்து பிரித்து என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது. என் சொல்லுக்கு அந்தச் சக்தி இருந்தது என்ற நம்பிக்கையில்தான் இத்தனை புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போய்வந்த காலமெல்லாம் மின்சார ரயில்தான் எனக்கு எழுதும் அறை. மடியில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டே வருகிற ஒரு பெண், சொத்தைக் காயை மட்டும் யாருக்கும் தெரியாமல் வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்த காலையில் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்து, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பெரிய சம்பவங்களுக்காக நான் காத்திருந்ததே இல்லை. ஓர் ஆளைத் தேடி வருகிறவர் அடையாளம் கண்டுகொள்ளும்படி ஒரே ஒரு விஷயம் அகப்பட்டால் போதும், அன்றைக்கு எனக்குத் திருவிழாதான்.

இந்த வருஷம் ஆடியில் அம்மாவைக் காரில் உட்கார வைத்து மலைமேல் கூட்டிப்போனேன். ஓலைப் பந்தல் இருந்த இடத்தில் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். நகைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, பதிவு செய்த ஒரு குரல் சலிக்காமல் பேசிக்கொண்டிருக்கிறது. குழந்தைகளின் முன்கையில் பேனாவால் செல்போன் எண்ணை எழுதி விடுகிறார்கள். என் கண்ணெதிரே ஒரு மொட்டைக் குழந்தை கிடைத்தது, கையைத் திருப்பிப் பார்த்தார்கள், எண்ணை அழுத்தினார்கள், அழுது முடிப்பதற்குள் தாய் வந்துவிட்டாள். நல்லதுதான், இதில் குறைப்பட எனக்கு ஒன்றுமில்லை. உன் அம்மா எப்படியிருப்பாள் என்று மட்டும் அந்தக் குழந்தையை யாரும் கேட்கவில்லை.

நிழலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், இங்கேதானே நான் பேசி உன்னை வரவழைத்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். என் இலக்கியக் கூட்டம் எதற்கும் வந்திராத அம்மா, இந்தக் கதையை நான் ஊர் ஊராகச் சொல்லி வருவதை அறியாத அம்மா, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“நீ பேசி எங்கடி நான் வந்தேன்? அந்த ஆளு பாவா பாவான்னு கத்தனப்பவே நம்ம புள்ளதான்னு தெரிஞ்சிபோச்சி. நீ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே உன் பின்னால வந்து நின்னுட்டேன்.”

அப்படியானால் ஏன் உடனே தூக்கவில்லை என்று கேட்டேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிறு பெண்போல் வெட்கப்பட்டாள்.

“நீதான் என்னப் பத்திச் சொல்லிகினு இருந்தியே. அதுக்கு முன்னாடி என்னப் பத்தி யாரும் அப்பிடிப் பேசி நான் கேட்டதில்லமா. முடிக்கட்டும்னு நின்னுகினு இருந்தேன்.”