ஏழாமிடத்துக்கு விசில் ஊதிய நார்பர்ட்

நார்பர்ட் என் சித்தி மகன். வாண்டா சித்திக்கு ஐந்து பையன்கள், இவன் நாலாவது. மூத்தவர்கள் மூன்று பேரும் ராணுவம், பாதிரி மடம், ஃப்ளோரிடா என்று ஆளுக்கொரு திசையில் போனார்கள். கடைக்குட்டியைக் கீழே இறக்காமல் கொஞ்சினார்கள். நாலாவதை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒருமுறை குடும்பமே ஏரிக்குக் குளிக்கப் போய்த் திரும்பி வந்து, சூப் ஊற்றும்போது ஒரு கிண்ணம் மிச்சம் நின்ற பிறகுதான் இவனைத் தேடினார்கள். இவன் ஏரிக்கரையிலேயே வேறொரு குடும்பத்தின் கம்பளியில் உட்கார்ந்து அவர்கள் கோழியைத் தின்றுகொண்டிருந்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இவங்க நல்லா சமைக்கிறாங்க என்று சித்தியிடமே சொன்னானாம்.

கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. தீயணைப்பு நிலையத்து நடனத்தில் பெர்னிஸ் என்ற பெண்ணை ஆடக் கேட்கலாம் என்று போனான். அதற்குள் அவள் ஒரு இன்சூரன்ஸ்காரனோடு சுழன்றுகொண்டிருந்தாள். எல்லாருடைய கோட்டுக்கும் காவலாக மூலையில் உட்கார்ந்திருந்தாள் அவள் தங்கை அடேல். சும்மாதானே நிற்கிறீங்க என்று அவள்தான் இவனை இழுத்துக்கொண்டு போனாள். இன்றைக்கும் யாராவது அந்தக் கதையைக் கேட்டால் அடேல் ஒரே வரியில் முடித்துவிடுவாள்: "ஐயா ஃபைனல்ல தோத்துட்டு வந்தாரு. நான்தான் ஆறுதல் ஆட்டம்."

பனிக்காலத்தில் நார்பர்ட் கவுன்டி நிர்வாகத்தின் பனி வாரும் வண்டி ஓட்டினான். வசந்தம் வந்தால் சனி, ஞாயிறுகளில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு லக்ராஸ் ஆட்டங்களுக்கு ரெஃப்ரி. எங்கள் பக்கம் நுனியில் வலை கட்டிய கம்பில்லாத வீடு கிடையாது. பிள்ளைகள் நடை பழகும்போதே அந்த வலையில் பந்தைத் தாங்கிக்கொண்டு ஓடப் பழகிவிடுவார்கள். நார்பர்ட்டுக்கு ஆடத்தான் வரவில்லை. விசில் வந்தது.

யார் எந்த ஆட்டத்துக்கு ஊதுவது என்று பிரித்துக் கொடுப்பவன் எம்மெட், அடேலுக்கும் பெர்னிஸுக்கும் அண்ணன். தங்கையைக் கட்டியவனுக்கு எதைக் கொடுத்தான் தெரியுமா? ஏப்ரல் கடைசியில் எங்கள் சந்தைத் திடலில் கல்லூரிக் கிளப் அணிகளின் போட்டி நடக்கும். கல்லூரி காசு கொடுத்து வளர்க்கும் பெரிய அணிகள் இல்லை, ஆசைக்கு ஆடும் பிள்ளைகள். பெட்ரோலுக்கும் ஜெர்சிக்கும் தாங்களே போட்டுக்கொண்டு வேன்களில் வந்து இறங்குவார்கள். மொத்தம் எட்டு அணிகள். சனிக்கிழமை இரண்டு ஆட்டத்திலும் தோற்ற இரண்டு அணிகள் ஞாயிறு காலை எட்டு மணிக்கு, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில், ஏழாமிடத்துக்காக மோத வேண்டும். வருஷா வருஷம் அந்த ஆட்டத்துக்குத்தான் நார்பர்ட்.

அவமானப்படுத்துவதாக எம்மெட் நினைத்தான். நார்பர்ட்டோ அந்த ஒரு ஆட்டத்துக்காக வருஷம் முழுவதும் காத்திருந்தான். ஃபைனலில் வேலியோரம் அப்பாக்கள் நின்று கத்துவார்கள், ரெஃப்ரியின் ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள். ஏழாமிட ஆட்டத்தில் யாரும் கத்துவதில்லை. தூக்கம் கலையாத பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஆடுவார்கள். நானும் ஒருதடவை முன்னால் ஓடிப் பார்க்கிறேனே என்று கோல்கீப்பர் கேட்டால் நார்பர்ட் தலையாட்டிவிடுவான். நான் தட்டியது ஏன் தப்பு என்று எவனாவது கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி, அவன் கம்பையே வாங்கி, எப்படித் தட்டலாம், எப்படித் தட்டக் கூடாது என்று பொறுமையாகக் காட்டுவான். பனி வண்டியின் கிளட்ச்சை மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்தவனுக்கு அந்த வேகம் தோதாகவும் இருந்தது.

ஆனால் பிறகு பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமை தோற்ற கையோடு வேனில் ஏறி ஊருக்குப் போய்விடுவார்கள். ஏழாமிடத்துக்கு யார் படுக்கையை விட்டு எழுவார்கள்? இரண்டு வருஷம் தொடர்ந்து இப்படி ஆனது. மூன்றாம் வருஷம் போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, தேவாலயத்துக் கூடத்தில் வறுத்த மீன் சாப்பிடும்போது எம்மெட் விஷயத்தைப் போட்டுடைத்தான்.

"இந்த ஞாயித்துக்கிழமையும் பயலுக ஓடிட்டானுங்கன்னா, அந்த ஆட்டத்தையே எடுத்துடறதா கமிட்டியில முடிவு, மச்சான். ஏழாமிடமா எட்டாமிடமா, யாருக்கு என்ன?"

"அந்த மைதானத்துல என்ன பண்ணப்போறீங்க?"

"கார் நிறுத்துவோம்."

"நான்?"

"நீ கார்க்காரனுக்குக் கை காட்டு. விசில்தான் இருக்கே."

கூடமே சிரித்தது. நார்பர்ட் மீனைத் தொடவில்லை. அவன் தட்டில் மீன் மிஞ்சி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை இரண்டு ஆட்டத்திலும் தோற்றவர்கள் ஏரிக் கல்லூரிக்காரர்களும் மலைக் கல்லூரிக்காரர்களும். ஏரிக்காரர்களின் கேப்டன் கோல்பி, போட்டிக்காகவே ஆசைப்பட்டு மீசை வளர்த்து வந்தவன். அது மேலுதட்டில் சாக்லேட் பால் ஒட்டியதுபோல இருந்தது. மலைக்காரர்களின் கேப்டன் ரூர்க். அவன் வாய் எதையாவது மென்றுகொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் பைகளை வேனில் ஏற்றும்போது நார்பர்ட் மெதுவாகப் போய் நின்றான். கோல்பியிடம், காலையில் நீங்கள் வரமாட்டீர்கள் என்று மலைக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள், அந்த மீசையைப் பார்த்தாலே ஓடுகிற ஜாதி என்று தெரிகிறதாம் என்றான். அப்படியே நடந்துபோய் ரூர்க்கிடம், நீங்கள் வரமாட்டீர்கள் என்று ஏரிக்காரர்கள் சிரிக்கிறார்கள் என்றான். இரண்டு பக்கமும் பைகளைத் திரும்ப இறக்கினார்கள்.

எங்கள் ஊரில் பீட்சா கடை ஒன்றே ஒன்று. அதை நடத்தும் ரோவீனா என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தங்கை, அதனால் அங்கே நடந்தது அப்படியே என் காதுக்கு வந்துவிட்டது. சாயங்காலம் இரண்டு கூட்டமும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. எவன்டா ஓடுவான்னு சொன்னது என்று கோல்பி எழுந்தானாம். அதைத்தான் நானும் கேட்கிறேன் என்று ரூர்க்கும் எழுந்தானாம். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று விசாரித்துக்கொண்டே போய், கடைசியில் இரண்டு பேரும் சொன்ன ஆள் ஒரே கோடு போட்ட சட்டைக்காரன்தான் என்று தெரிந்ததாம். பிறகு மேசைகளைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஒரே குடும்பமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். ரோவீனா போனை வைத்ததும் நார்பர்ட்டைக் கூப்பிட்டு எச்சரித்தேன். "வருவானுங்களா மாட்டானுங்களா, அதை மட்டும் சொல்லுக்கா" என்றான்.

வந்தார்கள். கொட்டகைச் சுவரோரம் கரையாத பனி கிடந்த அந்தக் காலையில், பாதிப் பேர் செருப்போடும், மீதிப் பேர் விடுதிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டும் வந்து நின்றார்கள். தேவாலயப் பெண்கள் போட்ட சாசேஜ் கடை பக்கத்திலேயே இருந்தது. வெங்காயம் வதக்குகிற வேலை என்னுடையது, ஆகவே எல்லாம் கண்ணெதிரே நடந்தது.

கோல்பி முன்னால் வந்து நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான். "பெருசு, ஒரே பொய்யை ரெண்டு பக்கமும் வித்திருக்கீங்க."

"ஒரே பொய் இல்ல தம்பி. மீசை உனக்கு மட்டும் சேர்த்துக் குடுத்தது."

ரூர்க் மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். அவர்கள் முந்தின நாளே பேசி முடித்துத்தான் வந்திருந்தார்கள். முழு ஆட்டமெல்லாம் ஆட முடியாது. ஒத்தைக்கு ஒத்தை. பக்கத்துக்கு ஒரு கோல்கீப்பர், ஓடி ஆட ஒருவன், முதல் கோல் விழுந்ததும் முடிந்தது. பயிற்சியில் சமநிலை வந்தால் பிள்ளைகள் இப்படித் தீர்த்துக்கொள்வதுண்டு. ஐந்து நிமிஷ வேலை, அப்புறம் ஊருக்கு.

நார்பர்ட் பந்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றான். மாட்டேன் என்றால் இவர்கள் வேனில் ஏறுவார்கள், அடுத்த வருஷம் இங்கே கார் நிற்கும். சரி என்றால் இது ஆட்டமே இல்லை என்று எம்மெட் சொல்லக்கூடும்.

"சரி. ஆனா ஓடுறவன் யாருன்னு நான்தான் சொல்வேன். நேத்து முழுக்க உள்ள காலே வைக்காதவன் யாரு?"

இரண்டு அணியும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தது. ஏரிக்காரர்களில் தாடியஸ் என்ற நெட்டையன். வேன் அவனுடையது, அதனால் அணியில் இருந்தான். மலைக்காரர்களில் ஆன்சல். தலைக்கணக்குக் குறைகிறது என்று பெயர் கொடுக்கச் சொன்னார்களாம், கொடுத்தவன். இரண்டு பேரும் தங்களுக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்கள். அணிகள் இரண்டும் கம்புகளைத் தரையில் தட்டி ஊளையிட்டன. அதற்குமேல் எந்தக் கேப்டனாலும் மறுக்க முடியாது.

நார்பர்ட் விசில் ஊதினான். தாடியஸ் பந்தை எடுக்கக் குனிந்தான், பந்து தள்ளிப் போனது. ஆன்சல் எடுத்தான், திரும்பினான், பந்து வலையிலிருந்து பின்பக்கமாக விழுந்தது, அவன் வெறும் வலையோடு கோலை நோக்கி ஓடினான். எறிய ஓங்கியபோதுதான் பந்து இல்லை என்று தெரிந்தது. தாடியஸ் அதை எடுத்துக்கொண்டு தன் அணியின் கோலை நோக்கியே ஓடினான். நார்பர்ட் வாயிலிருந்து விசிலை எடுத்து, அந்தக் கோல் உன்னுது தம்பி என்று திருப்பிவிட்டான். ஐந்து நிமிஷம் போனது. அரை மணியும் போனது. இரண்டு பேரும் முழங்கால்வரை சேறு, மூக்கிலிருந்து ஆவி, ஆனால் ஒருவன்கூட மூச்சு வாங்க நிற்கக் கேட்கவில்லை. மற்ற மைதானங்களிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வேலியில் சாய ஆரம்பித்தார்கள். என் வெங்காயம் தீர்ந்துவிட்டது.

எம்மெட் வேகவேகமாக வந்தான். "ஊதி முடி, மச்சான்."

"கோல் விழலையே."

"ஃபைனல் ஆட வேண்டிய ரெண்டு டீமும் இங்கதான்யா நிக்குது."

"அவங்ககிட்ட டிக்கெட் கேட்டுப்பாரு."

எம்மெட் வேலியோரம் போய் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து "அடிடா" என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்த்தால் எம்மெட்.

முடிவு இப்படி வந்தது. இத்தனை நேரத்தில் ஏரிக்காரர்களின் கோல்கீப்பர் பக்கம் பந்தே வரவில்லை. அவனுக்குப் பசித்தது. யாரோ வேலிக்கு மேலே ஒரு சாசேஜ் ரொட்டியை நீட்டினார்கள். தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அதில் பூசக் கடுகுச் சாந்து வேண்டும் என்று வேலிப்பக்கம் திரும்பினான். அந்த நேரம் பார்த்து தாடியஸ், ஆன்சலிடமிருந்து தப்பிக்க, பந்தைத் தன் கோல்கீப்பர் பக்கமே பின்னோக்கித் தட்டிவிட்டான். அவனுடைய வாழ்நாளிலேயே நேராகப் போன பந்து அது ஒன்றுதான். சேற்றில் மெதுவாக உருண்டு, ரொட்டியில் கடுகு பூசிக்கொண்டிருந்தவன் காலருகே கடந்து, கோட்டைத் தாண்டி நின்றது.

நார்பர்ட் நீளமாக ஊதினான். மலைக் கல்லூரி ஏழாமிடம். ஆனால் தோற்ற தாடியஸைத்தான் இரண்டு அணியும் சேர்ந்து தோளில் தூக்கியது. அவன் மேலிருந்துகொண்டு, யார் ஜெயிச்சது என்று கேட்டான்.

ஆட்டம் பிழைத்தது. பிழைத்தது மட்டுமா? கமிட்டிக்கு ஆசை வந்துவிட்டது. அடுத்த வருஷம் ஏழாமிட ஆட்டத்தைப் பெரிய மைதானத்துக்கு, மதியத்துக்கு மாற்றினார்கள். நாற்காலி போட்டார்கள். ரெஃப்ரி யார் என்று பார்த்தால் எம்மெட். அதற்குப் பின்னால் நடக்கும் ஃபைனலை மரியாதையாக நார்பர்ட்டுக்குக் கொடுத்திருந்தான். காப்பாத்தினது நான், கட்டிக்கிட்டது அவன் என்று நார்பர்ட் ஒரு வாரம் முனகினான். நான் சுட்டு வெச்ச ஆப்பிள் பையைக்கூட வேண்டாங்கிறாரு மனுஷன் என்று அடேல் எனக்குப் போன் செய்தாள்.

எம்மெட் முறைப்படி ஊதினான். கம்பின் நீளத்தை அளந்தான், வலையின் ஆழத்தைப் பார்த்தான், ஜெர்சியை உள்ளே சொருகச் சொன்னான். முன்னால் ஓடிய கோல்கீப்பரைத் திட்டித் திருப்பினான். சிரித்தவனை உட்கார வைத்தான். ஒத்தைக்கு ஒத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேப்டன்கள் கேட்டதற்கு, விதியில் இல்லை என்றான். பாதி ஆட்டத்தில் தண்ணீர் குடிக்கப் போன இரண்டு அணியும் திரும்பவில்லை. நாற்காலி நிறைய ஜனம், நடுவில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எம்மெட். அந்த நேரம் எங்கள் சாசேஜ் கடையில் உட்கார்ந்திருந்த நார்பர்ட், வெங்காயப் புகை கண்ணில் படுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஃபைனலில் அவன் மட்டும் என்ன கிழித்தான்? ஒரு அப்பா, கண்ணு தெரியாத ரெஃப்ரி என்று கத்தினார். நார்பர்ட் ஆட்டத்தை நிறுத்தி, ஒரு கம்பை வாங்கிக்கொண்டு வேலிக்குப் போய், எது தப்பு, எது தப்பில்லை என்று அவருக்கு ஆரம்பத்திலிருந்து விளக்கினான். அடுத்த அப்பாவும் கத்தினார். அவருக்கும் விளக்கினான். தயவுசெய்து ஊதுங்க என்று இரண்டு கேப்டன்களும் கெஞ்சும்வரை விளக்கினான்.

சாயங்காலம் நாங்கள் அடுப்பைக் கழுவும்போது எம்மெட் வந்தான். கோடு போட்ட சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. "அடுத்த வருஷம் காலையில எட்டு மணி, மாட்டுக்கொட்டகை. நீயே வெச்சுக்கோ."

"ஏன் மச்சான், ஃபைனல் எனக்கு இப்பத்தான் பழகுது."

"இன்னொரு தடவை ஃபைனலுக்கு உன்னை அனுப்புனா ரெண்டு டீமும் வரமாட்டோம்னு சொல்லிட்டுப் போறானுங்க."

அடேல் நார்பர்ட்டின் காலை மிதித்தாள். அவன் கண்டுகொள்ளவில்லை. "அது கெடக்கட்டும். ஏழாமிடமா எட்டாமிடமா, யாருக்கு என்னன்னு கேப்பியே?"

எம்மெட் தொப்பியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்கு இன்னும் தெரியாதுய்யா. ஆனா தண்ணி குடிக்கப் போன பயலுக வேன் ரெண்டும் கேட்டைத் தாண்டினதும் பின்னாலேயே ஓடினேன்."

"எதுவரைக்கும்?"

"பாலம் வரைக்கும்."

 நார்பர்ட் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். கடைசியாக மிஞ்சியிருந்த சாசேஜை மச்சானுக்கு வைக்கச் சொன்னான்.