கோவளத்துக்குப் போன மேனேஜர்

என் கணவர் அலுவலகத்தில் ஒரு நாளும் மேனேஜராக இருந்ததில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உதவியாளராகச் சேர்ந்து, உதவியாளராகவே ஓய்வு பெற்றவர். ஆனால் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் காலனிக்கு வந்து "மேனேஜர் சார் வீடு எது?" என்று கேட்டால், நிஜமான பேங்க் மேனேஜர் ஒருவர் குடியிருந்த அதே தெருவில் எங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள். அவர் காலனி ஃபுட்பால் கிளப்பின் மேனேஜர்.

கிளப்பில் கோச் என்று தனியாக யாரும் கிடையாது. யாரை ஆட வைப்பது, யாரை உட்கார வைப்பது, யாருடைய அம்மாவிடம் போய் "இந்த ஒரு மேட்ச் மட்டும் அனுப்புங்க" என்று கெஞ்சுவது, எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டில் கேஸ் தீர்ந்து போனால் புக் செய்ய மறந்துவிடுவார். கோல்கீப்பரின் கட்டை விரல் வீங்கியிருப்பது மட்டும் மறக்காது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் அந்த கிளப் சுற்றுவட்டார டோர்னமென்ட்டில் தொடர்ந்து மூன்று முறை கோப்பை வாங்கியது. மூன்றாவது கோப்பை வந்த வாரத்திலேயே அவர் விலகிவிட்டார்.

எனக்கு அதைச் சொன்னது தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

"கிளப்ப விட்டுட்டேன்."

"ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"அதெல்லாம் இல்ல. நான் இல்லாமலே ஜெயிக்கிறாங்க. ஹாஃப் டைம்ல எலுமிச்சம்பழம் நறுக்கிக் குடுக்க எதுக்கு ஒரு மேனேஜர்?"

"சரி, அடுத்து எங்க?"

"பாக்கலாம்" என்று சொல்லி இன்னொரு தோசை கேட்டார்.

அந்த "பாக்கலாம்" காலனியைத் தூங்க விடவில்லை. கிளப்பின் செயலாளர் எங்கள் எதிர் வீடு. விலகல் செய்தி கேட்ட நாளிலிருந்து அவர் என் கணவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அதற்குப் பதிலாக என்னிடம் பேசினார். காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து கேட்டருகே நிற்பார்.

"டீச்சர், சார் குரோம்பேட்டை டீமுக்குப் போறாராமே?"

எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. அதனால் லேசாகச் சிரித்துவிட்டு நடந்தேன். மறுநாள் குரோம்பேட்டை உறுதியாகிவிட்டது. அடுத்த வாரம் பல்லாவரம் என்று பேச்சு வந்தது. அதற்கும் சிரித்தேன். இருபது வருடமாக அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்ததில் கிடைக்காத கவனம் எனக்கு அந்த மாதம் கிடைத்தது.

பிறகு நாவலூரிலிருந்து ஒரு கார் வந்தது. அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஃபுட்பால் டீம் ஆரம்பிக்கிறார்களாம். வந்தவர் சின்ன வயது அதிகாரி, கழுத்தில் அடையாள அட்டையைக் கழற்றாமலே காபி குடித்தார். மரியாதையான பிள்ளை. அடுத்த வாரம் ஆபீஸுக்கு வந்து, ஊழியர்களை எப்படி ஊக்கப்படுத்துவார் என்று பத்து நிமிஷம் ஸ்லைடு போட்டுப் பேச வேண்டும் என்றார்.

என் கணவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பசங்க என்னிக்கு ப்ராக்டீஸுக்கு வருவாங்க?"

"ரிலீஸ் இல்லாத வாரத்துல வருவாங்க சார்."

"படமா?"

"இல்ல சார், சாஃப்ட்வேர்."

அவர் தலையாட்டினார். காரை வழியனுப்பிவிட்டு உள்ளே வந்தவர், அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. தெருவில் எல்லோரும் நாவலூர்தான் என்று முடிவு கட்டினார்கள். கார் வந்ததே, வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். "எங்க?" என்றேன். "கோவளம்" என்றார்.

நான் முன்னமே ஊகித்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய வருடம் கோவளம் மீனவர் குப்பத்திலிருந்து ஒரு டீம் டோர்னமென்ட்டுக்கு வந்து முதல் ஆட்டத்திலேயே தோற்றுப் போனது. மணலில் ஓடிப் பழகிய கால்களோடு தரையில் பறந்தார்களாம். ஆனால் பதினொரு பேரும் கேப்டன். பந்து ஒரு பக்கம் உருள, இவர்கள் நடு மைதானத்தில் நின்று யார் மீது தப்பு என்று பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்களாம். அதை அவர் பல நாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மூன்று கோப்பைகளைப் பற்றி அவ்வளவு பேசியதில்லை.

முதல் ஞாயிறு மதியம் அவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு பை இருந்தது. பைக்குள் வஞ்சிர மீன். எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை.

"அவங்க ஆசையாக் குடுத்தாங்க. எப்படி வேணாம்னு சொல்றது?" என்றார் வாசலில் நின்றபடியே. கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"சரி, உள்ள கொண்டு வராதீங்க" என்றேன். பை எதிர் வீட்டுக்குப் போனது. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். செயலாளரின் மனைவி பையைத் திறந்து பார்த்தார். பிறகு உள்ளே பார்த்தார். செயலாளர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "வாங்கி வை. மீன் என்ன பண்ணுச்சு பாவம்" என்றார்.

அடுத்த ஞாயிறு சங்கரா மீன். அதற்கடுத்த ஞாயிறு இறால். நான்காவது வாரம் செயலாளர் தானே கேட்டுக்கு வந்து, என் கணவரைப் பார்த்து, "பஸ் லேட்டா சார் இன்னிக்கு?" என்று கேட்டார். அப்படித்தான் அந்தச் சண்டை முடிந்தது.

சில மாதம் கழித்து இரண்டு டீமுக்கும் கோவளத்தில் ஒரு ஆட்டம் வைத்தார்கள். என் கணவர் காலையிலேயே போய்விட்டார். நான் செயலாளரின் குடும்பத்தோடு கிளப் வேனில் போனேன். சவுக்குத் தோப்பை ஒட்டி பாதி மண்ணும் பாதி மணலுமாக ஒரு மைதானம். மீன் விற்று முடித்த பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எந்தப் பக்கம் உட்காருவது என்று தயங்கி நிற்க, ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார்.

"நம்ம சார் வூட்டம்மா. இங்க குந்து அக்கா."

எதிரே காலனிக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் கவனிக்காதது போல் இருந்தேன்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாகப் போனது. கோவளம் பையன்கள் இப்போதும் வாதாடினார்கள், ஆனால் ஓடிக்கொண்டே வாதாடினார்கள். அதுவே பெரிய முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டேன். முடிகிற நேரத்தில் கோவளம் கேப்டன் பந்தோடு பாய்ந்தான். அவனுக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே இடது பக்கம் தடுத்து ஆடும் காலனியின் லெஃப்ட் பேக் மட்டும்தான். அவனும் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது கோட்டுக்கு வெளியிலிருந்து என் கணவரின் குரல் கேட்டது.

"லெஃப்ட்டு, உள்ள வா, உள்ள வா, அவன விடாத!"

பல வருடமாக அந்தக் குரலுக்கு ஓடிய கால்கள் யோசிக்கவில்லை. லெஃப்ட் பேக் உள்ளே வந்தான், பந்தை எட்டி உதைத்தான். அது நேராகக் காலனி ஆளின் காலில் போய் விழ, அடுத்த நொடி மறுபக்கம் கோல்.

மைதானத்தில் எல்லோரும் பந்தை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தார்கள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். முதலில் சிரித்தது செயலாளர்.

ஆட்டம் முடிந்ததும் கேப்டன் மூச்சு வாங்கியபடி வந்தான்.

"இன்னா சார் இது?"

"வாய் தவறிடுச்சுப்பா."

"நான் கத்துனா எங்க ஆளே கேக்க மாட்டான். நீங்க கத்துனா அவுங்க ஆளு கேக்குறான். ஒரே பேஜாரா கீது சார்." சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். அவன் சிரித்த பிறகுதான் அவன் ஆட்களும் சிரித்தார்கள்.

திரும்பும்போது கிளப் வேனில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டிருந்தார்கள். அது பழைய நாளில் அவர் உட்காரும் இடம். ஏறலாமா என்று அவர் கேப்டனைப் பார்த்தார்.

"ஏறுங்க சார். ஞாயித்துக்கெயம வந்துடணும், சொல்ட்டேன்."

வேன் கேளம்பாக்கம் தாண்டியது. பிறகு லெஃப்ட் பேக் பின்னாலிருந்து முன்னே வந்து குனிந்தான்.

"சார், அந்த பால்ல நான் லேட்டா சார்?"

"லேட்டுதான். பந்தப் பாக்காம அவன் இடுப்பப் பாருன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்?"

வண்டலூர் வரை வகுப்பு நடந்தது. "ஏங்க, அவன் இப்ப உங்க ஆள் இல்ல" என்று நான் சொன்னேன். "தெரியும்" என்றார், திரும்பாமலே, தொடர்ந்து சொல்லிக்கொடுத்தார்.

கோவளத்தில் அவர் ஐந்தாறு வருடம் இருந்தார். கோப்பை எதுவும் வரவில்லை. ஒரு தடவை மட்டும் நனைந்த பேன்ட்டோடு, சட்டையில் உப்பு பூத்து, ஒரு சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தார். சீட் நனைந்துவிடும் என்று கண்டக்டர் உட்காரவே விடவில்லையாம். கடலில் தூக்கிப் போட்டுவிட்டார்களாம், செல்போனோடு.

"ஜெயிச்சிட்டீங்களா?"

"இல்ல, செமி ஃபைனல்ல தோத்துட்டோம்."

"தோத்ததுக்கா கடல்ல போட்டாங்க?"

"செமி ஃபைனல் வரைக்கும் வந்ததுக்கு" என்றார், துண்டைக் கேட்டுக் கை நீட்டியபடி.