உலகம் அழிந்த பிறகு இரண்டு ஜெராக்ஸ்

உலகத்தை அழிப்பது எனக்கு மாதச் சம்பள வேலை. குருவிநத்தத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, பெங்களூரில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்காக இணைய விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். பெருவெள்ளத்தில் உலகம் அழிந்துவிடும். தப்பியவர்களாக ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, இடிபாடுகளுக்கு நடுவே பிழைத்துக் காட்ட வேண்டும். கட்டடம் வரைய வேறு ஆள் உண்டு. அங்கே நடமாடும் மனிதர்கள் எப்படிப் பேச வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பது என் பொறுப்பு.

என் டீம் லீடர் வெள்ளத்தை டிவியில் மட்டும் பார்த்தவர். தண்ணீர் வடிந்ததும் கண் சிவந்த பிசாசு மனிதர்கள் கூட்டமாக வருவார்கள் என்று எழுதி வைத்திருந்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. தண்ணீர் வடிந்தால் யார் வருவார்கள் என்று எங்கள் ஆற்றங்கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். முதலில் கரைவேட்டிகள் வந்து முழங்கால் தண்ணீரில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பிறகு நிவாரண லிஸ்ட் எழுத ஒருவர் வருவார்.

அந்த ஒருவரைத்தான் செய்தேன். அரைக்கைச் சட்டை, தோளில் துண்டு, பாக்கெட்டில் இரண்டு பேனா, கக்கத்தில் நீள நோட்டு. குடிதண்ணீரோ தார்ப்பாயோ எது வேண்டுமானாலும் அவரிடம் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். அவர் தலை நிமிராமல் ரேஷன் கார்டு சிவப்பா மஞ்சளா என்பார். எதுவானாலும் இரண்டு ஜெராக்ஸ் கேட்பார். அழிந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓட்ட டீசல் வேண்டும். டீசல் வாங்க லிஸ்டில் பெயர் இருக்க வேண்டும்.

இதில் பயம் எங்கே இருக்கிறது என்று டீம் லீடர் கேட்டார். விளையாட்டைச் சோதனைக்காக இணையத்தில் திறந்துவிட்ட மறுநாளே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. பிசாசு மனிதர்களை யாரும் சீண்டவில்லை. எல்லோரும் தோட்டாவைச் சேர்த்துவைத்து லிஸ்ட்காரரைச் சுட்டார்கள். செத்தவர் அரை நிமிடத்தில் எழுந்து, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, மறுபடியும் ஜெராக்ஸ் கேட்பார். மறுபடியும் சுடுவார்கள். அதை வீடியோ எடுத்துப் போட்டுச் சிரித்தார்கள். டீம் லீடர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். விளம்பரப் படத்தில் லிஸ்ட்காரரின் முகத்தைப் பெரிதாகப் போடச் சொன்னார்.

அது என் அப்பாவின் முகம்.

அப்பா கிராம உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் வீடு வீடாகப் போய்ச் சேதத்தை எழுதியவர். எனக்குப் பத்து வயதில் வந்த வெள்ளத்தில் எங்கள் வீட்டுக் கூரை போய்விட்டது. ஊருக்கெல்லாம் எழுதிய அப்பா எங்கள் வீட்டை எழுதவில்லை. தன் வீட்டைத் தானே எழுதிக்கொண்டால் ஊர் நாலு விதமாகப் பேசும் என்றார். ஊர் பேசாமல் இருப்பதற்காக நாங்கள் மூன்று மாதம் தார்ப்பாயின் கீழ் கிடந்தோம். அன்றைக்குப் பிறகு லிஸ்ட் என்ற சொல் காதில் விழுந்தாலே அம்மா பாத்திரத்தை ஓங்கி வைப்பார். எனக்கும் கோபம் ஆறவில்லை. நேரில் கேட்கத் தைரியமில்லாமல் அப்பாவின் போட்டோவை எடுத்து விளையாட்டுக்குள் வைத்தேன். உலகமே சுடட்டும் என்றுதான் வைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பென்ஷன் காகிதத்துக்கு நகல் எடுக்கப் பாகூருக்குப் போன அப்பாவிடம், அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாய் செல்போனைக் காட்டியிருக்கிறார். "அண்ணே, உங்கள மாரியே ஒருத்தர இதுல போட்டுத் தள்ளிக்னு இருக்காங்க பாருங்க."

அப்பா நேராக மாடிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "காட்டுடா" என்றார்.

காட்டினேன். பத்துப் பதினைந்து முறை அப்பா செத்தார். அப்பா கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுட்டா சுட்டுட்டுப் போறான். என்னிய கல்லால அடிக்க வந்தவங்களே இருக்காங்க" என்றார். "அந்த நோட்டத் தொற."

நோட்டைத் திறந்தேன். எல்லாப் பக்கமும் காலி. லிஸ்ட்காரரை எழுத வைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

"ஒரு பேருகூட இல்லியேடா. ஜெராக்ஸ் கேட்டேன், இல்லேன்னு சொல்லல. கார்டு ஆத்தோட போனவங்களுக்கு நானே பாகூர் ஆபீசு வரைக்கும் நடந்து நம்பர் எழுதியாந்தேன். நம்ம வூட்ட எழுதாதது தப்புதான், வச்சிக்க. அதுக்குன்னு நான் யாரையுமே எழுதலன்னு போட்டுட்டியே."

அவ்வளவுதான் சொன்னார். கீழே இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் மாடிப் பக்கமே வரவில்லை.

அந்த இரண்டு நாளும் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். ஜெராக்ஸ் இல்லாவிட்டாலும் வரிசையில் நின்றால் முறை வரும்போது லிஸ்ட்காரர் பெயரை எழுதிக்கொள்வார். விளையாட வந்தவன் எவனாவது கியூவில் நிற்பானா என்று டீம் லீடர் குதித்தார். நின்றார்கள். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, குறுக்கே நுழைந்தவனைத் திட்டிக்கொண்டு, பல தேசத்துக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். சுடுகிற வீடியோ குறைந்துபோனதால் விளம்பரத்தில் அப்பாவை எடுத்துவிட்டுப் பிசாசைப் போட்டார்கள்.

அப்பாவைக் கூப்பிட்டேன். வந்தார். உள்ளே விடச் சொல்லி அவரும் வரிசையில் நின்றார். கீபோர்டை நான் தட்டினேன். முறை வந்தது. லிஸ்ட்காரர் தலை நிமிராமல் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டார். அப்பா தன் பெயரைச் சொன்னார். சேதம் என்ன என்று லிஸ்ட்காரர் கேட்டார். "கூர" என்றார் அப்பா. திரையில் எழுத்து விழுந்ததும் அம்மாவைக் கூப்பிடச் சொன்னார்.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கண்ணாடியைப் போட்டு, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் எழுதிட்டு கடைசியாதான் நம்ம வூடா" என்றார்.

அம்மா இன்னும் கிட்டே குனிந்தார். "கூரன்னு மட்டும் போட்டிருக்கு. பின்பக்கம் செவுரும்தான் வுழுந்துது. அது இன்னா ஆச்சி?"

அப்பா என் கையைத் தட்டினார். அவரை மறுபடியும் வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினேன்.